ராக் பேண்டில் ஹார்மனி: யாருக்கு எந்தக் குரல், எந்த இடத்தில், எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஹார்மனி என்றால் எல்லோரும் சேர்ந்து பாடுவதுதானே?

இல்லை. நான்கு பேர் ஒரே சுரத்தைப் பாடினால் அது பஜனையில் கேட்கிற கூட்டுக்குரல். ஆணும் பெண்ணும் ஒரு ஸ்தாயி தள்ளி அதே மெட்டைப் பாடினாலும் அதே கதைதான். ஹார்மனியில் ஒருவர் மெட்டைப் பாடும்போது, அதே சொல்லை அதே தாளத்தில் இன்னொருவர் வேறு சுரத்தில் பாடுகிறார். அந்த நொடியில் கிட்டாரில் ஒலிக்கும் கார்ட் எதுவோ (கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் மூன்று, நான்கு சுரங்கள்), அதற்குள் இரண்டு குரலும் அடங்க வேண்டும். சி.எஸ்.ஐ. தேவாலயத்தில் பாமாலைகளை சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாஸ் என்று பிரித்துப் பாடி வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. ஒரே வேறுபாடு, பாடகர் குழுவில் கையில் பாட்டுப் புத்தகம் மட்டும்தான் இருக்கும். ராக் பேண்டில் பாடுகிறவர் கையிலும் காலிலும் வேறு வேலை இருக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்று. நம் சினிமாவில் கோரஸ் என்றால் பின்னால் பாடும் கூட்டம். ராக் பாடலில் கோரஸ் என்பது திரும்பத் திரும்ப வரும் பகுதி. இந்தப் பக்கத்தில் அதைப் பல்லவி என்றே சொல்கிறோம். முதன்மைக் குரல் லீட், மற்றவை மேல் குரல், கீழ் குரல்.

மேல் குரலுக்கு எந்தச் சுரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்து கட்டையில் ஒரு பல்லவி என்று வையுங்கள். அதாவது ஜி-தான் ச, சங்கராபரணத்தின் சுரங்கள். கிட்டாரில் ஜி, டி, இ மைனர், சி என்று நான்கு கார்ட் சுழல்கிறது. சுரமாக எழுதினால்:

ஜி: ச க ப
டி: ப நி ரி
இ மைனர்: த ச க
சி: ம த ச

லீட் ஒவ்வொரு கார்டிலும் ஒரு நீண்ட சுரம் பிடிக்கிறார்: க, ரி, ச, ச. புதிதாகப் பழகுபவர்கள் கேள்விப்பட்ட விதி, "மெட்டுக்கு இரண்டு சுரம் மேலே பாடு" என்பது. அதன்படி பாடினால் ப, ம, க, க வரும். முதல் கார்டில் அருமை. இரண்டாவதில் ம என்பது டி கார்டிலேயே இல்லை. கொஞ்சம் ப்ளூஸ் வாடை அடிக்கும், தாங்கலாம். நான்காவதில்தான் வில்லங்கம். பேஸ் கிட்டார் ம வாசிக்கிறது, நீங்கள் க பாடுகிறீர்கள். அரைச் சுர உரசல். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் யாரோ தப்பாகப் பாடுகிறார்கள் என்று பட்டுவிடும்.

ஆகவே எண்ணி ஏறாதீர்கள், கார்டைப் பாருங்கள். மெட்டுக்கு மேலே, அந்தக் கார்டில் இருக்கும் அடுத்த சுரம் எது? ப, ப, க, ம. கீழ் குரலுக்கு, மெட்டுக்குக் கீழே கார்டில் இருக்கும் அடுத்த சுரம்: ச, நி, த, த. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், ஒவ்வொரு கார்டும் முழுசாகக் கிடைக்கிறது. கீழ் குரல் படிப்படியாக இறங்குவதால் பாடவும் சுலபம். மேல் குரலில் ப-விலிருந்து க-வுக்குக் குதிப்பது சிரமமாக இருந்தால், மூன்றாவது கார்டிலும் ப-வையே பிடித்துக்கொள்ளலாம். இ மைனருக்கு அது ஏழாவது சுரம், இடிக்காது. கடைசிக் கார்டில் ம-வுக்கு ஒரு படி இறங்கினால் முடிந்தது.

இந்தக் கண்டிப்பெல்லாம் நீட்டிப் பிடிக்கும் சுரத்துக்கும், தாளம் அழுத்தமாக விழும் இடத்துக்கும்தான். வேகமாகக் கடந்து போகும் அசைகளில் மெட்டோடு இணையாக இரண்டு சுரம் தள்ளி ஓடினாலும் ஒன்றும் ஆகாது.

தனியாகப் பாடிப் பார்த்தால் என் பகுதி சப்பென்று இருக்கிறதே?

அப்படித்தான் இருக்க வேண்டும். மேலே வந்த ப, ப, ப, ம-வைத் தனியாகப் பாடினால் தூக்கம் வரும். ஹார்மனிக் குரலின் வேலை முடிந்தவரை நகராமல் கார்டை நிரப்புவது. அதை அழகுபடுத்தப் போய் நான்கு சங்கதி சேர்த்தால் கேட்பவர் காதில் இரண்டு மெட்டு சண்டை போடும். அதிலும் மூன்று குரலில் நடுவில் மாட்டிக்கொள்பவர் பாடு ரொம்ப மோசம். பல்லவி முழுக்க இரண்டே சுரம் கிடைக்கலாம். பேண்டில் காது கூர்மையானவரிடம் அதைக் கொடுங்கள். நல்ல குரல் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் மெட்டுக்கு ஓடிவிடுவார்.

ஒரே சுரத்தில் நிற்பதே பாட்டின் கவர்ச்சியாகிவிடும் சமயமும் உண்டு. பீட்டில்ஸின் இரண்டாவது சிங்கிள் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' (1963). சரணத்தில் ஜான் லெனனின் மெட்டு மேலிருந்து இறங்கிக்கொண்டே வர, பால் மெக்கார்ட்னி மேலே ஒரே சுரத்தைப் பிடித்தபடி நிற்கிறார். இரண்டு குரலுக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. அமெரிக்காவின் எவர்லி சகோதரர்களிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட உத்தி அது.

பேண்டில் யாருக்கு எந்தக் குரல் என்று எப்படிப் பிரிப்பது?

முதலில் ஒவ்வொருவரின் எல்லையையும் கீபோர்டில் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். கத்தாமல் எட்டும் மிக உயர்ந்த சுரம், காற்றாகிப் போகாமல் ஒலிக்கும் மிகத் தாழ்ந்த சுரம். இரண்டு முனையிலும் ஒரு முழுச் சுரம் கழித்துவிடுங்கள். ஒத்திகையில் எட்டுவது, கச்சேரியின் பதினைந்தாவது பாட்டில் எட்டாது. பொய்க்குரலில் (இயல்பான குரலின் எல்லைக்கு மேலே எடுக்கும் மெல்லிய குரல்) எட்டும் எல்லையைத் தனியாகக் குறியுங்கள். மேல் குரலுக்குப் பொய்க்குரல் ரொம்ப உதவும். மெலிதாக இருப்பதால் லீடை மறைக்காது.

அப்புறம் பாட்டின் கட்டை. லீட் பாடகர் தன் உச்சியிலேயே பாடுகிறார் என்றால் அவருக்கு மேலே இடமே இல்லை. ஒன்று, ஹார்மனிக் குரல் இரண்டையுமே லீடுக்குக் கீழே வையுங்கள். அல்லது பாட்டையே அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குங்கள். கிட்டார்களை அரைச் சுரம் தளர்த்தி மீட்டும் பேண்டுகள் நிறைய. பாடகரின் தொண்டை அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

லீட் நடுவில் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். குவீன் குழுவின் ஒலிப்பதிவுகளில் பெரும்பாலும் ஃப்ரெடி மெர்க்குரி நடுவில், பிரையன் மே கீழே, உச்சியில் ட்ரம்மர் ரோஜர் டெய்லர். பீச் பாய்ஸில் பிரையன் வில்சனின் பொய்க்குரல் மேலே மிதக்கும், மைக் லவ் அடியில் நிற்பார், நடுவில் மற்றவர்கள். லெனனும் மெக்கார்ட்னியும் இருவராகப் பாடும் பல பாடல்களில் எது மெட்டு, எது ஹார்மனி என்றே சொல்ல முடியாது. இரண்டு குரல் ஹார்மனிக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை என்பது எங்கள் கட்சி.

ஹார்மனிக் குரலும் பேண்டில் ஒரு வாத்தியம் மாதிரிதான். ஈகிள்ஸில் பேஸ் வாசித்துக்கொண்டே உச்சக் குரல் பாடியவர் ரேண்டி மைஸ்னர். அவர் 1977-இல் விலகியபோது வந்த டிமோதி ஷ்மிட்டும் பேஸ் வாசிப்பவர், அவரும் உச்சக் குரல்காரர். அதற்கு முன் போக்கோ என்ற குழுவிலும் மைஸ்னரின் இடத்துக்கு வந்தவர் இதே ஷ்மிட்தான்! ஆள் தேடும்போது விரலை மட்டும் பார்த்தால் பாதிப் பாட்டு போய்விடும்.

பேஸ் வாசித்துக்கொண்டே பாட முடியவில்லை. ட்ரம்மருக்கும் அதே பிரச்சினை.

ரிதம் கிட்டாரில் கை ஒரே மாதிரி ஆடும், அதனால் பாடுவது சுலபம். பேஸில் விரல் ஒரு கணக்கில் போகும், வாய் இன்னொரு கணக்கில் போகும். முதலில் பேஸ் வரியை டிவி பார்த்துக்கொண்டே வாசிக்கும் அளவுக்குக் கையில் ஏற்றுங்கள். அடுத்து பாடாமல், வரிகளைத் தாளத்தோடு பேசிக்கொண்டு வாசியுங்கள். எந்த அசை எந்த அடியில் விழுகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். அதற்குப் பிறகே சுரம். மெட்ரோனோமை (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) பாட்டின் வேகத்தில் 60 சதவீதத்துக்கு இறக்கி ஆரம்பியுங்கள். அப்படியும் ஒரு இடம் இடறினால் பேஸ் வரியை அந்த ஒரு இடத்தில் எளிமையாக்குங்கள். பாடும் இடத்தில் பேஸின் அலங்காரத்தை யாரும் கேட்பதில்லை.

ட்ரம்மருக்குச் சிக்கல் மூச்சு. கை வேகமாக இருக்கும்போது நீண்ட வாக்கியம் கொடுக்காதீர்கள். சிறு சொற்கள், வரி முடிவுகள் போதும். இன்னொரு சிக்கல், அவர் மைக்கில் குரலைவிட சிம்பல் அதிகம் விழும். வாயை ஒட்டிய ஹெட்செட் மைக் நல்லது. எப்படியானாலும், அவர் பாடாத நேரம் அந்த மைக்கை மூடியே வையுங்கள்.

ஒத்திகையை எப்படி நடத்துவது?

வாத்தியம் இல்லாமல், மைக் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி வட்டமாக நில்லுங்கள். ஒரே ஒரு கிட்டார் மெதுவாகக் கார்ட் கொடுக்கட்டும். ஒரு பல்லவிக்கு 30, 40 நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலில் ஒவ்வொருவரும் தன் பகுதியை "நூ" என்ற ஒரே அசையில் பாடட்டும். சொல் வந்தால் காது சொல்லின் பின்னால் போய்விடும். பின் இரண்டு இரண்டாக: லீட்-மேல், லீட்-கீழ். அதற்கடுத்தது பலரும் விட்டுவிடும் படி, லீட் இல்லாமல் மேலும் கீழும் மட்டும். மெட்டு இல்லாமல் இந்த இருவரும் நிற்க முடிந்தால் எங்கேயும் நிற்பார்கள். பிறகு மூவரும், பிறகு சொற்களோடு, கடைசியில் முழு பேண்ட். எந்த இடத்தில் தடுமாறினாலும் ஒரு படி பின்னால் போங்கள். முழு பேண்ட் சத்தத்தில் நின்றபடி சுரத்தைத் திருத்த முடியாது.

ஒத்திகை முடிவதற்குள் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக போனில் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். மறுவாரம் "என் சுரம் என்ன?" என்று முதலிலிருந்து தொடங்கும் கொடுமை இருக்காது.

எத்தனை முறை பாடினாலும் லீடின் மெட்டுக்கே இழுபடுகிறேன். என்ன செய்வது?

காது மெட்டைத்தான் தேடும், அது இயல்பு. கணினியில் ஒரு பதிவு செய்யுங்கள்: இடது காதில் உங்கள் பகுதி மட்டும், வலது காதில் லீடும் கிட்டாரும். ஒரு வாரம் இரண்டையும் கேட்டுப் பாடுங்கள். அடுத்த வாரம் இடது காதின் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

இழுபடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கும்: தொடங்கும் சுரத்தில். முந்தைய வரியின் கடைசிச் சுரமோ, கிட்டார் அப்போது வாசிக்கும் சுரமோ உங்கள் தொடக்கச் சுரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கொக்கியாகப் பிடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கிட்டார்காரரிடம் சொல்லி, முந்தைய அடியில் அந்தச் சுரம் மேல் தந்தியில் கேட்கும்படி கார்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். சபையில் யாருக்கும் தெரியாது.

கர்நாடக சங்கீதம் படித்த பாடகர் இருக்கிறார். லாபமா, நஷ்டமா?

சுருதி ஞானத்தில் பெரும் லாபம். கமகத்தில் நஷ்டம். ஒரு சுரத்தை அசைத்துப் பிடிப்பது அவருக்கு இயல்பு. ஹார்மனியில் அந்த அசைவு பக்கத்துக் குரலோடு உரசும். லீடாக இருந்தால் அசைக்கட்டும். ஹார்மனியாக இருந்தால் தம்புரா மாதிரி நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். லீட் பாடகர் பிருகா போடும் இடங்களில் ஹார்மனியே வைக்காதீர்கள். அல்லது பிருகாவின் கடைசிச் சுரத்தில் மட்டும் வந்து சேருங்கள்.

தம்புராவைச் சொன்னதால் ஒரு நுணுக்கம். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தின் க) தானே கேட்கும். கீபோர்டில் உள்ள காந்தாரம் அதைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயரம். அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. வாத்தியம் நின்று குரல்கள் மட்டும் ஒலிக்கும் இடத்தில், க பிடிப்பவர் அந்தத் தம்புரா காந்தாரத்துக்குத் துளி இறங்கினால் கார்ட் கண்ணாடி மாதிரி தெளியும். கீபோர்ட் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். அங்கே கீபோர்ட் சொல்வதுதான் சட்டம்.

சுரமெல்லாம் சரி. ஆனாலும் கலங்கலாக இருக்கிறதே?

பத்துக்கு எட்டு முறை காரணம் சுரமே அல்ல, எழுத்து. ஒருவர் "ஆ" என்று வாயைத் திறக்கிறார், இன்னொருவர் "அ"வுக்கும் "ஒ"வுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார். ஒரே சுரமானாலும் சேராது. லீட் பாடகரின் வாயைப் பார்த்து அதே வடிவத்தில் திறக்க வேண்டும்.

அடுத்தது மெய்யெழுத்துகள். "காற்று" என்ற சொல்லில் வரும் "ற்று" மூன்று பேர் வாயிலிருந்து மூன்று கணத்தில் வந்தால் ஆணி உதிர்ந்த மாதிரி சத்தம் வரும். வெடிக்கும் ஒலிகளையும் "ஸ்" போன்ற சீறும் ஒலிகளையும் லீட் மட்டும் அழுத்தட்டும். மற்றவர்கள் பூசினாற்போல் விட்டுவிடலாம். சொல் முழுதாகவே கேட்கும். நீண்ட சுரத்தை எந்த அடியில் நிறுத்துவது, எங்கே மூச்சு எடுப்பது என்று வரிகளின் மேல் பென்சிலால் குறியுங்கள். ஆரம்பத்தைவிட முடிவு ஒன்றாக இருப்பதுதான் ஒரு பேண்டை நேர்த்தியாகக் காட்டும்.

பாட்டு முழுக்க ஹார்மனி வைக்கலாமா?

வைக்கலாம், அலுத்துவிடும். முதல் சரணம் தனிக்குரல். முதல் பல்லவியில் ஒரு குரல் மட்டும், அதுவும் வரி முடியும் சொல்லில். இரண்டாவது பல்லவியில் வரி முழுக்க. கடைசிப் பல்லவிக்கு மூன்றாவது குரலைச் சேமித்து வையுங்கள். சோகமான, அந்தரங்கமான வரிகளில் ஹார்மனி வந்தால் "நான்" என்று பாடுகிறவர் பின்னால் கும்பல் நிற்பது போலாகிவிடும்.

சொல் இல்லாத "ஊ", "ஆ" வேறு ரகம். அங்கே விதி ஒன்றே: ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இரண்டுக்கும் பொதுவான சுரம் இருந்தால் அசையாதீர்கள், இல்லையென்றால் மிக அருகில் உள்ளதற்கு நகருங்கள். மூவரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் ஓட்டை விழும். மாற்றி மாற்றி எடுங்கள்.

டிஸ்டார்ஷன் கிட்டாருக்கு (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கிய கிட்டார்) நடுவில் ஹார்மனி எடுபடுமா?

எடுபடும், சொல்லப்போனால் அங்கேதான் அதன் வலிமை தெரியும். பவர் கார்டில் ச-வும் ப-வும் மட்டுமே உண்டு, காந்தாரம் கிடையாது. ஆகவே பாட்டு மேஜரா மைனரா என்பதைக் கிட்டார் சொல்வதில்லை, குரல்தான் சொல்கிறது. ஹார்மனியில் ஒருவர் அந்தர காந்தாரம் பிடித்தால் வெளிச்சம், அதைவிட அரைச் சுரம் தாழ்ந்த சாதாரண காந்தாரம் பிடித்தால் இருட்டு. மாறாக ச-வும் ப-வும் மட்டும் பாடினால் குரலும் கிட்டாரைப் போல வெறுமையாக, முரட்டுத்தனமாக ஒலிக்கும்; கனமான பாடல்களில் வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள்.

மேடையில் ஏன் எல்லாம் குலைந்துபோகிறது?

தன் குரல் கேட்காததால். கேட்கவில்லை என்றால் கத்துவோம். கத்தினால் சுருதி நழுவும். ஒவ்வொருவர் மானிட்டரிலும் (மேடையில் பாடுகிறவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) அவர் குரல் முதலில், லீட் அடுத்து, கார்ட் வாசிக்கும் ஒரு வாத்தியம் மூன்றாவது. மற்றதெல்லாம் குறைவாகவே போதும்.

மானிட்டரை வைக்கும் இடமும் மைக்கைப் பொறுத்தது. ஷூர் எஸ்எம் 58 போன்ற கார்டியாய்ட் மைக்குக்கு (முன்னால் வரும் ஒலியையே அதிகம் எடுப்பது) நேர் பின்னால்தான் காது மந்தம்; மானிட்டரை அங்கே வையுங்கள். பீட்டா 58 போன்ற சூப்பர் கார்டியாய்டுக்கு (முன்னால் இன்னும் குறுகலாக எடுப்பது) நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், பக்கவாட்டுப் பின்புறத்தில்தான் மந்தம். மானிட்டர் சற்று ஓரமாக இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்ப விழுந்து ஃபீட்பேக் கூவும். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஃபீட்பேக்குக்கு முன் கிடைக்கும் ஒலி அளவு 3 டெசிபெல் குறையும். பாடாதவர்களுக்கு மைக் வைக்காதீர்கள்.

ஹார்மனிக் குரல்களை லீடைவிட 3 முதல் 6 டெசிபெல் கீழே தொடங்குங்கள். அவற்றில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டிவிடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு விரல் இடைவெளியை எல்லோரும் காப்பாற்றுங்கள். ஒருவர் விலகினால் மிக்சரில் அமைத்த சமநிலை அப்போதே போச்சு. மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் மேடையில் பல பாடல்களுக்கு ஒரே மைக்கில் பாடினார்கள். மெக்கார்ட்னி இடக்கைக்காரர் என்பதால் இரண்டு கிட்டார் கழுத்தும் எதிரெதிர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு இடிக்காமல் இருந்தன. ஒரே மைக் என்றால் இருவரும் தங்கள் அளவைத் தாங்களே சரிசெய்ய வேண்டும். காதுக்கு நல்ல பயிற்சி.

ரெக்கார்டிங்கில் குரல்களை அடுக்குவது எப்படி?

ஒரே பகுதியை ஒருவரே இரண்டு முறை பாடி, ஒன்றை இடதுபுறமும் மற்றதை வலதுபுறமும் வைப்பதுதான் அடிப்படை. நகலெடுத்து ஒட்டினால் அகலம் வராது. இரண்டு முறை பாடும்போது வரும் சிறு வேறுபாடுதான் அகலத்தைத் தருகிறது. பீட்டில்ஸின் 'பிகாஸ்' (1969) மூன்று பேர் பாடியது. மூன்று முறை பதிவு செய்ததால் ஒன்பது குரலாகக் கேட்கிறது. குவீனின் 'போஹீமியன் ராப்சடி' (1975) இன்னும் போனது: 24 தடம் கொண்ட நாடாவில் மெர்க்குரி, மே, டெய்லர் மூவரும் பாடிப் பாடி நிரப்பி, அவற்றைச் சில தடங்களாகச் சுருக்கி, காலியானதில் மறுபடி பாடினார்கள். ஒபரா பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 3 வாரம் ஆனது. அதை மேடையில் பாட முடியாது என்று தெரிந்து, கச்சேரிகளில் அந்தப் பகுதிக்கு நாடாவை ஓடவிட்டு மேடையை விட்டே இறங்கினார்கள். உங்கள் பேண்டில் மூன்று தொண்டைதான் இருக்கிறது என்றால், ஸ்டூடியோவில் பன்னிரண்டு அடுக்கும் முன் மேடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்மனி அமைத்தவருக்குப் பாட்டின் உரிமையில் பங்கு உண்டா?

வழக்கப்படி மெட்டும் வரிகளும்தான் பாடல். ஹார்மனி அதன் அமைப்பாகவே கருதப்படும். பங்கு கொடுப்பதானால் பாட்டு வெளிவரும் முன் எழுதி வையுங்கள்.

கச்சேரி அன்று ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிச்சம் இரண்டு குரல். எதை விடுவது?

லீட் இருந்தே ஆக வேண்டும். இன்னொரு குரல் மேலா கீழா என்று பார்க்காமல், கார்டின் காந்தாரம் (கார்டின் முதல் சுரத்தை ச என்று வைத்தால் வரும் க) யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் முதல் கார்டில் லீடே க பாடுகிறார், அங்கே எதுவும் போதும். இரண்டாவது கார்டான டி-க்கு நி-தான் காந்தார இடம். அது கீழ் குரலிடம். மூன்றாவது இ மைனருக்கு அது ச, லீடே பாடுகிறார். நான்காவது சி-க்கு த. மறுபடி கீழ் குரல். ஆகவே இந்தப் பாட்டில் கீழ் குரல்தான் மிஞ்ச வேண்டும். கட்டிப்போனது அவர் தொண்டைதான் என்றால், மேல் குரல்காரர் அதே நி-யையும் த-வையும் ஒரு ஸ்தாயி மேலே பொய்க்குரலில் பிடிக்கலாம். அதையும் முந்தைய நாளே ஒருமுறை பாடிப் பார்த்திருக்க வேண்டும்.